நூறாவது வளை

பெருச்சாளி வளை ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் அதன் வீட்டு விவகாரம் அத்தனையையும் பர்னபாஸ் சொல்லிவிடுவான். வாசல் எத்தனை, நெல் சேர்த்து வைக்கும் அறை எந்தப் பக்கம், குட்டி போட்டிருக்கிறதா, ஆள் இருக்கிற வளையா, விட்டுப்போன வளையா, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. தன் வீட்டு விவகாரம்தான் அவனுக்குப் பிடிபடவில்லை. வீடு என்று ஒன்று இருந்தால்தானே விவகாரம்!

கல்யாணமாகிப் பதினைந்து மாதம். அதில் ஜூடித்தோடு ஒரே கூரையின் கீழ் அவன் இருந்தது பதினொரு நாள். ரங்கூனில் லான்மடாவ் பக்கம், அரிசிக் கடை ஒன்றின் மாடியில், நான்கு ஆண்களோடு ஓர் அறையில் அவன் வாசம். அவளோ மோல்மேனில் மிஷன் பெண்கள் பள்ளியில் உபாத்தியாயினி. ஆசிரியைகள் தங்கும் விடுதியில் ஆண்பிள்ளைக்கு வாசல் கேட்டு வரைக்கும்தான் அனுமதி, அவன் தாலி கட்டிய புருஷனாகவே இருந்தாலும் சரி. ரயிலேறி, ஆறு கடந்து, இடுப்பு ஒடியப் போய் நின்றால், கேட்டுக்கு உள்ளே அவளுக்கு ஒரு நாற்காலி போடுவார்கள். வெளியே இவன் நிற்பான். விடுதித் தலைவியம்மாள் இடுப்புக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அந்தப் பக்கம் நாலு தடவை நடப்பாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசும்போது, சிறையில் இருப்பது அவளா தானா என்று அவனுக்கே சந்தேகம் வரும்.

அந்தப் பதினொரு நாளில் கடைசி நான்கு நாள், ஜூலை மாதம், மோல்மேனில் ஜூடித்தின் அக்காள் ரோஸ் வீட்டில் கழிந்தது. ரோஸ் வீடு ஒற்றை அறை; புருஷன், நான்கு பிள்ளைகள். பாவம், அத்தனை பேரும் அந்த நான்கு நாளும் வராந்தாவில் படுத்தார்கள். இப்போது ஜூடித்துக்கு ஏழு மாதம். விடுதியில் கைக்குழந்தைக்கு இடமில்லை என்று தலைவியம்மாள் சொல்லியாகிவிட்டது.

நல்ல வேளையாக மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்துக் கிடங்கு எழுத்தர் வேலை ஒன்று காலியானது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டு அறையும் சமையலறையும் உள்ள குவார்ட்டர்ஸ் அந்த வேலையோடு சேர்த்தி. மோல்மேன் பாதிரியார் பர்னபாஸுக்கே அதைத் தருவதாக எழுதியிருந்தார். ஒரே நிபந்தனை. மார்ச் முதல் தேதி வந்து சேர வேண்டும், வரும்போது பழைய துரை முறையாக விடுவித்த கடிதம் கையில் இருக்க வேண்டும். இருக்கிற வேலையை விட்டு ஓடி வருகிறவனைச் சேர்த்துக்கொள்வதில்லை என்பது அவர் கொள்கை. ஆக, இரண்டு அறையும் ஒரு பெண்டாட்டியும் ஒரு பிள்ளையும் பெல்லாமி துரையின் ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

டாக்டர் பெல்லாமி நல்ல மனிதர். அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்திருந்தால் பர்னபாஸ் என்றைக்கோ சண்டை போட்டுக்கொண்டு, கடிதத்தை மூஞ்சியில் எறியச் சொல்லி வாங்கிப் போயிருப்பான். பிளேக் எலிகளை ஒழிக்கிற இலாகாவில் அவர் பெரிய டாக்டர். எலி வளைகளையும் பெருச்சாளி வளைகளையும் வெட்டி மூடும்போது, ஒரு நாள் அடிமண்ணில் உளுத்தம்பருப்பில் பாதியளவு வண்டு ஒன்று அவர் கண்ணில் பட்டது. சாணி வண்டு ஜாதிதான். ஆனால் இது மாட்டுச் சாணியைத் திரும்பிப் பார்க்காது. பெருச்சாளியின் எச்சத்தைத் தின்று, பெருச்சாளியின் படுக்கைக்கு அடியிலேயே முட்டையிட்டு, அங்கேயே செத்தும் போகும். வெளிச்சம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. அன்றிலிருந்து துரைக்கு ஊண் உறக்கம் இல்லை. ரங்கூனில் எந்தெந்த வளையில் இந்த வண்டு இருக்கிறது, எந்தெந்த வளையில் இல்லை என்று கண்டுபிடித்தே தீருவேன் என்று சீமைக்கு எழுதி அனுமதியும் வாங்கிவிட்டார். எலிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பர்னபாஸையும், செத்த எலி பொறுக்கிக்கொண்டிருந்த கபீரையும் இந்த வேலைக்கு இழுத்துக்கொண்டார்.

கபீர் நாகூர்க்காரர். ஐம்பது வயது. அவருடைய தம்பி இதே இலாகாவில் கூடையில் செத்த எலி சுமந்து, பிளேக் கண்டு, மூன்றே நாளில் போய்விட்டான். அந்தக் கூடையிலிருந்து தன்னைக் காப்பாற்றியது இந்த வண்டுதான் என்பது கபீரின் கட்சி. பர்னபாஸ் வண்டைத் திட்டும்போதெல்லாம், "வாயெ அலம்பிக்கிடும் ரைட்டரே. அது நமக்குச் சோறு போடுது" என்பார்.

வேலைக்கு ஒரு முறை இருந்தது. வளையின் வாசல்களில் ஒன்றை மட்டும் விட்டு மற்றதை மண்ணால் அடைப்பார்கள். திறந்த வாசலிலிருந்து கபீர் சிறு மண்வெட்டியால் படுக்கை அறை வரைக்கும் வெட்டிக்கொண்டு போவார். எச்சமும் வைக்கோலும் கலந்த அடிமண்ணைப் பர்னபாஸ் வெள்ளைத் துணியின் மேல் மாவுச் சல்லடையில் சலிப்பான். வண்டு இருந்தால் சாராயப் புட்டியில் போட வேண்டும். இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் குழியை விட்டு எழுந்திருக்கும் முன்பே சீட்டு எழுதியாக வேண்டும். இடம், தேதி, ஆழம், உண்டு அல்லது இல்லை, உண்டு என்றால் எத்தனை. எழுந்து நின்ற பிறகு எழுதுகிற சீட்டு வெறும் கதை என்பார் துரை. ஆபீசில் சுவர் நிறையத் தேசப்படம். உண்டு என்றால் சிவப்புத் தலைக் குண்டூசி, இல்லை என்றால் வெள்ளைத் தலை.

இரண்டு வருஷத்தில் படம் நிரம்பிவிட்டது. கோக்கைன் மேட்டில் சிவப்பு. இன்செயினில் சிவப்பு. ஏரிக்கரைத் தோட்டங்களில் சிவப்பு. தாங்ஞுன்ட்டில் ரயில் பாதைக்குப் போட்ட மண்மேட்டில்கூடச் சிவப்பு. ஆற்றோரமாகக் கெமண்டைன் மட்டும் முழுக்க வெள்ளை. படகுத்துறைக்குப் பின்னால், காய்கறித் தோட்டங்களில், நாப்பி என்கிற மீன் விழுதின் வாடை மூக்கைத் துளைக்க, நவம்பரிலிருந்து அவர்கள் தோண்டிக்கொண்டே இருந்தார்கள். பத்து வளை தோண்டி "இல்லை" என்று பத்துச் சீட்டு கொண்டுபோய் வைத்தால், துரை தலையை ஆட்டுவார்.

"நல்லது. இன்னும் பத்துப் பார்த்துவிடு."

இருபது, முப்பது, ஐம்பது, எண்பது. ஒவ்வொரு தடவையும் இன்னும் பத்து. கிறிஸ்துமஸுக்கு முன்பே பர்னபாஸ் விடுவிப்புக் கடிதம் கேட்டிருந்தான். "கெமண்டைன் ஒன்றுதான் பாக்கி. அது தெளிவாகட்டும், உடனே தருகிறேன்" என்று துரை சிரித்த முகத்தோடு சொன்னார். எத்தனை வளைக்குப் பிறகு தெளிவாகும் என்று மட்டும் சொல்லவில்லை. பர்னபாஸ் கேட்கவும் இல்லை. துரையிடம் எத்தனை என்று கேட்பது எழுத்தருக்கு அழகில்லை என்பது அவன் எண்ணம்.

பன்னிரண்டு வருஷம் ஆபீசில் குப்பை கொட்டியவனுக்கு ஒன்று ரத்தத்தில் ஊறியிருந்தது. கட்டம் நிரம்பினால் வேலை முடிந்தது. கட்டம் காலியாக இருந்தால் மேலதிகாரி திருப்பி அனுப்புவார். வெள்ளைக் குண்டூசி என்பது அவனைப் பொறுத்தவரை காலிக் கட்டம். கெமண்டைனில் ஒரு சிவப்பு ஊசி விழுகிற வரைக்கும் இந்த மனிதர் தன்னை விடப்போவதில்லை என்று ஜனவரிக் கடைசியில் அவனுக்கு உறுதியாகிவிட்டது. ஜூடித்தின் கடிதங்கள் வர வரச் சின்னதாகிக்கொண்டு வந்தன. முன்பெல்லாம் பள்ளிக்கூடத்துப் பெண்களின் குறும்பு, விடுதிச் சாப்பாட்டின் லட்சணம் என்று நாலு பக்கம் எழுதுவாள். கடைசியாக வந்ததில் ஒரே விஷயம். "மார்ச் ஒன்று என்றால் மார்ச் ஒன்றுதானாம். பாதிரியார் அம்மா என்னிடம் மறுபடியும் சொன்னார்கள்."

அவன் பயந்துபோனான். பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. காலையில் கண் விழித்ததும் மார்ச் ஒன்றுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ண வைக்கும் பயம்.

பிப்ரவரி பத்தாம் தேதி, கோக்கைன் மேட்டில் முன்பு பார்க்காமல் விட்டுப்போன இரண்டு வளைகளைச் சரிபார்க்கப் போனபோது, புட்டியில் போடவேண்டிய மூன்று வண்டுகளில் ஒன்றை அவன் உயிரோடு நெருப்புப்பெட்டியில் போட்டான். ஈர மண்ணும் கொஞ்சம் எச்சமும் சேர்த்துப் போட்டான். கபீர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். சீட்டில் இரண்டு என்று எழுதினான். அவன் எழுதிய முதல் பொய்ச் சீட்டு அது. 

மறுநாள் கெமண்டைனில் நூறாவது வளை. காலை ஒன்பது மணி இருக்கும். கபீர் பாதி வெட்டியிருந்தபோது, தோட்ட வரப்பில் துரையின் தொப்பி தெரிந்தது. வழக்கமாக அவர் இந்தப் பக்கம் வருவதே இல்லை.

"என்ன ரைட்டரே, தொரெ நேர்லயே வந்துட்டாஹ?" என்றார் கபீர்.

"நல்லதாப் போச்சு பாய். நீங்க வெட்டுங்க" என்றான் பர்னபாஸ். தெய்வமே அவரை அனுப்பி வைத்தது போல அவனுக்கு இருந்தது. தான் கொண்டுபோய்க் காட்டுவதைவிட அவர் கண்ணால் பார்த்தால் பேச்சுக்கு இடமில்லை அல்லவா?

துரை வந்து, துணிக்கு அந்தப் பக்கம் முழங்காலிட்டார். அன்று அவருக்கு நல்ல உற்சாகம். "நூறாவது, இல்லையா?" என்று கேட்டார். "ஆமாம் ஐயா" என்று பர்னபாஸ் சல்லடையில் மண்ணை அள்ளினான். அள்ளும் கையிலேயே நெருப்புப்பெட்டி இருந்தது. கட்டைவிரலால் தள்ளினான், உள்ளிருந்தது மண்ணோடு மண்ணாக விழுந்தது. பெட்டி சட்டைக் கைக்குள் போயிற்று. தலை நிமிர்ந்தபோது கபீர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் குனிந்து, வெட்ட ஒன்றும் இல்லாத இடத்தில் வெட்டத் தொடங்கினார்.

இரண்டு தடவை சல்லடை ஆடியது. வெள்ளைத் துணியில் வண்டு மல்லாந்து விழுந்து காலை உதைத்துக்கொண்டது.

துரை துணியின் மேல் குனிந்தார். பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார், கையில் ஏந்திப் பார்த்தார், மறுபடியும் கண்ணாடி. "சீட்டு எழுது" என்றார் மெல்லிய குரலில். பர்னபாஸ் குழியோரத்தில் உட்கார்ந்தபடியே எழுதினான். கெமண்டைன். பதினொன்று, இரண்டு, இருபத்தேழு. ஒன்றேகால் முழ ஆழம். உண்டு.

துரை எழுந்து கால்சட்டை மண்ணைத் தட்டினார். கோட்டுப் பையிலிருந்து நீளமான உறை ஒன்றை எடுத்து அவனிடம் காட்டினார்.

"இது என்ன தெரியுமா? உன் விடுவிப்புக் கடிதம். நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன். நூறு வளையில் இல்லையென்றால் கெமண்டைனில் இல்லை என்று முதலிலேயே தீர்மானித்து வைத்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் எண்ணிக்கையை முடிக்க அவசரப்படுவாய். வெள்ளம் ஏறுகிற மண்ணில் பெருச்சாளி நீந்தித் தப்பிக்கும், வண்டு முழுகிச் சாகும். அதுதான் என் முடிவு, கட்டுரைகூட எழுதியாயிற்று. இன்றைக்கு உன் கையில் கொடுத்து வழியனுப்பலாம் என்று வந்தேன்."

அவர் உறையை நாலாகக் கிழித்தார்.

"எவ்வளவு பெரிய தப்பிலிருந்து என்னைக் காப்பாற்றினாய்! வெள்ளத்திலும் இது பிழைக்கிறது. எப்படிப் பிழைக்கிறது? இரண்டு மழைக்காலமாவது இங்கேயே இருந்து பார்க்க வேண்டும். அக்கரையில் தலா ஊர் இருக்கிறது, அப்புறம் சிரியம். நீ இல்லாமல் முடியவே முடியாது பர்னபாஸ்."

பர்னபாஸ் கிழிந்த தாளையே பார்த்தான். ஒரு துண்டில் அவன் பெயர் பாதி தெரிந்தது. சும்மா இருந்திருந்தால் போதும். இல்லை என்று தொண்ணூற்றொன்பது முறை எழுதிய கை, நூறாவது முறையும் அதையே எழுதியிருந்தால் போதும். அவனுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது. "மிகவும் சந்தோஷம் ஐயா" என்றான்.

மூன்று நாள் பொறுத்தான். அதற்கு மேல் முடியவில்லை. திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் துரையின் மேஜைக்கு முன்னால் போய் நின்று, நெருப்புப்பெட்டியை வைத்து, ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். வேலையை விட்டு விலக்கினாலும் சரி, பாதிரியாரிடம் உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று அவன் கணக்கு.

துரை கோபப்படவே இல்லை. எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"உன் மனைவிக்கு எத்தனையாவது மாதம்?"

"எட்டு நடக்கிறது ஐயா. ஆனால் நான் சொல்வது..."

"புரிகிறது. உன் இடத்தில் நான் இருந்தால் நானும் இப்படித்தான் ஏதாவது சொல்லிப் பார்ப்பேன்." மேஜை மேல் இருந்த சீட்டை எடுத்துக் காட்டினார். "இது குழியோரத்தில் உட்கார்ந்து நீ எழுதியது. நான் என் கண்ணால் பார்த்தேன். இரண்டு வருஷத்தில் உன் சீட்டு ஒன்றுகூடத் தப்பானதில்லை. நீ எழுதியதை நம்பட்டுமா, ஊருக்குப் போக வேண்டும் என்ற ஏக்கத்தில் நீ பேசுவதை நம்பட்டுமா?"

"கபீர் பார்த்தார் ஐயா. அவரைக் கேளுங்கள்."

கபீரை அழைத்தார்கள். வாசலுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு வந்து நின்றார். துரை இந்துஸ்தானியில் கேட்டார், வண்டு வளையிலிருந்து வந்ததா, ரைட்டர் பெட்டியிலிருந்து வந்ததா என்று. கபீர் பர்னபாஸின் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். வளையிலிருந்துதான் வந்தது சாகிப் என்றார்.

வெளியே வந்ததும் பர்னபாஸ் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"ஏன் பாய்? நீங்க பாத்தீங்க! என் கண்ணுக்கு நேரா பாத்தீங்க!"

"பாத்தேன்." கபீர் சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட முயலவில்லை. "படம் முடிஞ்சா ஒமக்கு மோல்மேன், ஆஸ்பத்திரி, பொஞ்சாதி. எனக்கு? திரும்பவும் அந்தக் கூடெதான். எந்தம்பிய நான்தான் குளிப்பாட்டுனேன். அக்குள்ள கட்டி இம்மாம் பெருசு. நீரு போட்டத நா போடச் சொன்னனா? சொல்லும். ஒவ்வொரு வளெக்கும் இதோட முடிஞ்சிருமோன்னு நானும் பயந்துட்டுத்தான் இருந்தேன். நீரா வந்து காப்பாத்துனீரு. இப்போ நா போயி அதெக் கெடுத்துக்கணுமா?"

பர்னபாஸின் கை தானாக நழுவியது. அந்த மனிதர்மேல் கோபப்பட அவனுக்குத் தெம்பு இல்லை. 

துரை சும்மா இருக்கவில்லை. நல்ல மனிதர் அல்லவா? மோல்மேன் பாதிரியாருக்குத் தானே ஒரு கடிதம் எழுதினார். இப்படி ஒரு நேர்மையான ஊழியனைத் தான் பார்த்ததில்லை, அரிய கண்டுபிடிப்பு ஒன்று இவன் கையால் நிகழ்ந்திருக்கிறது, இரண்டு வருஷத்துக்கு இவனை விட முடியாத நிலையில் இருக்கிறேன், மன்னிக்க வேண்டும். பாதிரியார் பெருமையோடு பதில் எழுதினார். இவ்வளவு வேண்டப்பட்டவரை அவருடைய கடமையிலிருந்து பிரிக்கிற பாவத்தைச் செய்ய மாட்டேன் என்று சொல்லி, கிடங்கு வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். குவார்ட்டர்ஸும் அந்த வேறொருவருக்குப் போயிற்று.

பர்னபாஸ் ஜூடித்துக்கு ஏழு பக்கம் எழுதினான். எதையும் மறைக்கவில்லை. நெருப்புப்பெட்டி, சல்லடை, கிழிந்த உறை, கபீர், எல்லாம் எழுதினான். பிள்ளை பிறக்கும் முன் எப்படியாவது வந்து பார்க்கிறேன், மூன்று நாள் லீவு கேட்டிருக்கிறேன் என்று முடித்தான். தபாலில் போட்ட பிறகுதான் அவனுக்கு பல நாளில் முதல் தடவையாகச் சோறு இறங்கியது. உலகத்தில் யார் நம்பாவிட்டாலும் அவள் நம்புவாள்.

பதில் வந்தபோது அவன் கெமண்டைனில் இருந்தான். மாடியறைத் தோழன் சபாபதி அதைக் காலையில் கையில் கொடுத்திருந்தான். பிரிக்க மனமில்லாமல் பையிலேயே வைத்திருந்தவன், கபீர் வளை வாசல்களை அடைக்கும் நேரத்தில் வரப்பில் உட்கார்ந்து பிரித்தான். ஒரே பக்கம். விடுதியில் எழுதியது இல்லை. ரோஸ் வீட்டு விலாசம் போட்டிருந்தது.

"கர்த்தருக்குள் அன்பான கணவருக்கு. உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை வாசித்தேன். அக்காளுக்கும் வாசித்துக் காட்டினேன். பாதிரியார் அம்மா உங்கள் துரை எழுதிய கடிதத்தை என்னிடம் காண்பித்தார்கள். அதில் உங்களுக்கு ரங்கூனில் எவ்வளவு மதிப்பு என்று எழுதியிருக்கிறது. நீங்களோ, என்னிடம் வருவதற்காக ஒரு பூச்சியைக் குழியில் போட்டீர்கள், அதனால் வர முடியாமல் போயிற்று என்று எழுதுகிறீர்கள். நான் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள்தான், ஆனால் நான் சிறு பிள்ளை அல்ல. இங்கே வர உங்களுக்கு மனமில்லை என்றால் அதை நேராக எழுதியிருக்கலாம். ஏழு பக்கம் சிரமப்பட்டிருக்க வேண்டாம். லீவு எடுத்து வர வேண்டாம். பிள்ளை பிறந்ததும் அத்தான் உங்களுக்குத் தெரிவிப்பார். ஜூடித்."

அவன் அதை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தான். துரையின் கடிதத்தையும் சீட்டையும் எல்லாரும் நம்பினார்கள். அவனாகச் சொன்ன உண்மையைத் துரையும் ஏற்கவில்லை, ஜூடித்தும் ஏற்கவில்லை. கண்ணால் பார்த்த கபீரும் இல்லை என்று சாதித்துவிட்டார். இனி யாரிடம் போய் எதைச் சொல்ல?

"ரைட்டரே, சலிக்கலாமா? மண்ணு காயுது" என்றார் கபீர், கொஞ்சம் தயங்கி. அவருக்கு அவன் முகம் தெரிந்திருக்க வேண்டும்.

பர்னபாஸ் குழியோரத்துக்கு வந்து உட்கார்ந்தான். துணியை விரித்து, சல்லடையை எடுத்தான். மண் விழுந்தது, வைக்கோல் விழுந்தது, எச்சம் விழுந்தது. வேறொன்றும் விழாது என்று உலகத்திலேயே அவனுக்கும் கபீருக்கும் மட்டும்தான் தெரியும். எழுந்திருக்கும் முன் சீட்டு எழுத வேண்டும். கெமண்டைன் என்று எழுதி, தேதி போட்டு, ஆழம் போட்டு, இல்லை என்று எழுதினான். நூற்று ஏழாவது வளை. துரை நாளைக்குப் பார்த்துவிட்டு, இன்னும் பத்துப் பார் என்பார்.